தொண்ணூற்றொரு கிலோ உண்மை

"கேப்டன்... கொஞ்சம் பின்னாடி திரும்பிப் பாருங்களேன்."

கேப்டன் திரும்பினார்.

நான்கு காலி இருக்கைகள். அவற்றுக்குப் பின்னால் சாமான் வலை. வலைக்குப் பின்னால்...

ஒரு கால்!

எண்ணெய்க் கறை படிந்த காக்கி பேண்ட். பழைய பூட்ஸ். அதில் கயிற்றுக்குப் பதிலாகச் செப்புக் கம்பி. அந்த பூட்ஸை அவருக்கு நன்றாகவே தெரியும். வாசலிலேயே கழற்றச் சொல்லி அவர் மனைவி தினமும் சண்டை பிடிக்கும் பூட்ஸ்.

"நட்டு!"

நட்டு, கேப்டனின் மைத்துனன். மனைவியின் ஒரே தம்பி. அவர்களுடைய வாடகை விமானக் கம்பெனியின் ஒரே மெக்கானிக். சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து நட்டு கிடப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். தலையில் ஒன்று கழன்றுவிட்டதால் என்பது அவன் அக்காவின் கட்சி.

"கத்தாதீங்க. உயிர் இருக்கு." பக்கத்து இருக்கைக்காரர் பொறுமையாகச் சொன்னார். "நான் சொன்னபடி ஓட்டினா, இனிமேயும் இருக்கும்."

கேப்டன் முன்னால் திரும்பினார். அவர் விலா எலும்பில் சில்லென்று ஏதோ இடித்தது.

பிஸ்டல்!

மணி ஒன்பது நாற்பது. உயரம் ஏழாயிரம் அடி. வெளியே பளீரென்று வெயில். கீழே தீப்பெட்டி தீப்பெட்டியாக வீடுகள்.

விமானம் ஆறு இருக்கை. இதில் காக்பிட்டுக்கு என்று தனியாகக் கதவு கிடையாது. பைலட்டின் தோளும் பயணியின் தோளும் உரசிக்கொண்டேதான் போக வேண்டும். எழுந்து நிற்க முடியாது. ஓட முடியாது. காலைக்கூட நீட்ட முடியாது.

"யார் நீங்க? மருந்துக் கம்பெனி மேனேஜர்னு சொன்னீங்களே?"

"சும்மா சொன்னேன்." சாம்பல் நிற சஃபாரி சூட் போட்டிருந்த அந்த மனிதர் சிரித்தார். "காலைல ஆறு மணிக்கு என் பிசினஸ் பார்ட்னரை அவன் வீட்டு வராந்தாவுல வச்சுச் சுட்டேன். ஏழு மணிக்கெல்லாம் ரோடு பூரா போலீஸ். வானத்துல போலீஸ் இல்ல பாருங்க, அதான் உங்ககிட்ட வந்தேன்."

"எங்கே போகணும்?"

"ஆத்தைத் தாண்டினா எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் மூடிப்போன சுரங்கம். அங்கே ஒரு பழைய ரன்வே. அங்க இறக்கி விடுங்க."

"என்னைச் சுட்டா இந்த விமானத்தை யார் ஓட்டுவாங்க?"

"கேட்பீங்கன்னு தெரியும். பைலட்டைச் சுட்டா நானும் சாவேன். ஆனா பின்னாடி கிடக்கறவனைச் சுட்டா?" சஃபாரி பிஸ்டலை அப்படியே தோளுக்கு மேல் திருப்பி, வலைக்குக் குறி வைத்தார். "விமானம் பாட்டுக்கு விமானமா போகும்."

கேப்டன் வலைப் பக்கம் பார்த்தார்.

"அவனுக்கு என்ன ஆச்சு?"

"லோடு பேப்பர்ல கையெழுத்துப் போடற வரைக்கும் காத்திருந்தேன். போட்டான். பின்மண்டையில ஒண்ணு போட்டேன். தூக்கிப் பின்னாடி போட்டுக் கட்டிட்டேன்."

தப்பு கேப்டனுடையது. சாமான் அறைகளைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். ஆனால் நட்டு லோடு போட்டு, பூட்டி, கையெழுத்தும் போட்டுவிட்டால் கேப்டன் கதவின் கைப்பிடியை மட்டும் இழுத்துப் பார்ப்பார். எட்டு வருடப் பழக்கம். மைத்துனன்மேல் எட்டு வருட நம்பிக்கை.

அந்தப் பழக்கம் இப்போது விலாவில் குத்திக்கொண்டிருந்தது.

"சீட் பெல்ட்டையாவது போடுங்க, சார்."

"வேணாம். மூச்சு முட்டுது. கை ஃப்ரீயா இருக்கணும்."

"ஏறும்போது எடை மெஷின்ல எண்பத்தி நாலு காட்டிச்சு. துப்பாக்கியையும் சேர்த்துத்தான் எடை போட்டிருக்கோம் போல."

"ஜோக்கெல்லாம் நல்லாத்தான் அடிக்கறீங்க. ஓட்டுங்க."

அந்தக் கம்பெனியில் எடை போடாமல் ஒரு கைக்குட்டைகூட விமானம் ஏறாது. விமானம் நிறுத்தும் ஹேங்கர் வாசலில் ஒரு எடை மேடை. பயணி ஏறி நிற்க வேண்டும், பெட்டி ஏறி நிற்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மெஷின் ஒரு சீட்டு துப்பும். சீட்டெல்லாம் லோடு பேப்பரில் குத்தப்படும். சின்ன விமானம். பின்னால் பத்து கிலோ கூடினால் மூக்கு தூக்கும், முன்னால் கூடினால் மூக்கு தொங்கும்.

கர்ர்ர்...

ரேடியோ!

சஃபாரி துள்ளினார். பிஸ்டல் இன்னும் அழுத்தமாக ஒட்டியது.

"யாரு அது?"

"ஆபீஸ். என் பெண்டாட்டி. நாங்க கன்ட்ரோல்னு கூப்பிடுவோம். வீட்டுலயும் அவதான் கன்ட்ரோல்."

"பேசாம இரு."

"பதில் வரலைன்னா பத்தே நிமிஷத்துல தேட ஆரம்பிச்சிருவா. அவ சுபாவம் அப்படி."

சஃபாரி யோசித்தார். அவர் காதிலும் ஒரு ஹெட்செட் இருந்தது. கணவன் மனைவி பேசும் ஒவ்வொரு எழுத்தும் அவருக்கும் கேட்கும்.

"சரி, பேசு. ஆனா ஒண்ணு. பொய் பேசக்கூடாது. ரகசிய வார்த்தை, சங்கேதம், சமிக்ஞை... எதுவும் கூடாது. அவ என்ன கேட்கறாளோ, அதுக்கு உண்மையான பதில். உண்மையை மட்டும்! ஒரு வார்த்தை பிசகினாலும் உன் மச்சான் காலி."

"உண்மையை மட்டுமா?"

"உண்மையை மட்டும்."

கேப்டன் பொத்தானை அழுத்தினார்.

"சொல்லு, கன்ட்ரோல்."

"என்ன கேப்டன் சார், மேலே போனதும் மறந்தாச்சா?" மனைவியின் குரல் கலகலவென்று வந்தது. பின்னணியில் ஆபீஸ் மின்விசிறியின் கடகடப்பு. "இந்த நட்டுப் பயலைக் காலைலேர்ந்து காணோம். டயர் வாங்கப் போறேன்னு சீட்டு எழுதி வச்சுட்டுப் போயிருக்கான். போன் அடிச்சா எடுக்கல. உங்ககிட்ட ஏதாவது சொன்னானா?"

பிஸ்டல் அசைந்தது.

"என்கிட்ட ஒண்ணும் சொல்லல."

உண்மைதான்.

"வரட்டும் துரை, வச்சுக்கறேன். சரி, லோடு பேப்பர்ல எல்லாம் எழுதியாச்சு. ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. பைலட் எடை. சொல்லுங்க."

கேப்டன் மூச்சை இழுத்துக்கொண்டார்.

"தொண்ணூத்தி ஒண்ணு."

ரேடியோவில் மௌனம்.

ஒரு விநாடி... இரண்டு விநாடி... மூன்று...

மின்விசிறி மட்டும் கடகடத்தது.

"தொண்ணூத்தி ஒண்ணு," என்றாள் மனைவி. கலகலப்பு காணாமல் போயிருந்தது. "எழுதிக்கிட்டேன். பத்திரமா போயிட்டு வாங்க."

கர்ர்ர். கட்!

சஃபாரி திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

"பரவாயில்ல. சமத்துப் பிள்ளை."

சஃபாரிக்குத் தெரியாதது ஒன்று இருந்தது.

கேப்டன் எடை மேடையில் ஏறவே மாட்டார். ஏறினால் சீட்டு வரும். சீட்டு வந்தால் சாப்பாட்டில் கை வைப்பார்கள். அதனால் ஒவ்வொரு முறையும் விமானம் மேலே போன பிறகு மனைவி ரேடியோவில் கேட்பாள். "எழுபத்தெட்டு" என்பார் இவர். "யாரு, இடது கால் மட்டுமா?" என்பாள் அவள். பிறகு, ஆறு மாதத்துக்கு முன்பு வந்த மெடிக்கல் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தொண்ணூற்றொன்று என்று எழுதிக்கொள்வாள். எட்டு வருடமாக இதே கூத்து.

கேப்டன் எடையில் உண்மை பேசினார் என்றால், உலகத்தில் எங்கேயோ பெரிய கோளாறு என்று அர்த்தம்.

ஆனால் அவளுக்குப் புரிந்ததா? அல்லது புருஷன் திருந்திவிட்டான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறாளா?

கேப்டனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் வழியில்லை.

ஒரு மணி நேரம் போனது. தூரத்தில் வெள்ளிக் கம்பி போல ஆறு தெரிந்தது.

"இறங்கினதுக்கப்புறம்?" என்று கேட்டார் கேப்டன்.

"நான் என் வழில போவேன். நீங்க உங்க வழில போகலாம்."

"உங்க முகத்தை நாங்க ரெண்டு பேரும் பார்த்துட்டோமே?"

சஃபாரி ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பே போதுமாக இருந்தது.

கேப்டனின் மூளை அலைந்தது. விமானத்தைக் குலுக்கினால்? இந்த ஆளுக்குப் பெல்ட் இல்லை. தலை கூரையில் மோதும். ஆனால் பின்னால் நட்டு! மண்டை உடைந்து மயங்கிக் கிடப்பவன். குலுக்கினால் முதலில் சாவது அவன்தான். அக்காக்காரிக்கு என்ன பதில் சொல்வது? அம்மா இல்லாத தம்பி. இவள்தான் பள்ளிக்கூடம் சேர்த்தாள், இவள்தான் மெக்கானிக் ஆக்கினாள். லைசென்ஸ் பரீட்சையில் மூன்று தரம் ஃபெயிலாகி வந்தபோதும் இவள்தான் தட்டில் சோறு போட்டாள்.

முன்னால் கண்ணாடி. வலது பக்கம் பிஸ்டல். இடது பக்கம் ஏழாயிரம் அடி. பின்னால் மைத்துனன்.

நகர இடமில்லை!

சும்மா இருக்க முடியாமல் கேப்டனின் கை தன்பாட்டுக்கு டிரிம் சக்கரத்துக்குப் போனது. விமானம் மூக்கைத் தூக்காமல், தொங்கவிடாமல் சமமாகப் பறக்கத் திருகி வைக்கும் சக்கரம் அது. அதில் ஒரு வெள்ளைக் கோடு. முன்னால் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து போனால் அந்தக் கோடு நடுவிலிருந்து இரண்டு விரல்கடை பின்னால் நிற்கும். எட்டு வருடமாக அங்கேதான் நிற்கிறது.

இப்போதும் அங்கேதான் நின்றது.

கேப்டன் கண்ணைச் சிமிட்டிவிட்டு மறுபடி பார்த்தார்.

அங்கே நிற்கக் கூடாது!

வாலில் ஒரு முழு மனிதன் கிடக்கிறான். இந்நேரம் வால் தொங்கி, மூக்கு தூக்கி, இந்தச் சக்கரத்தை முன்னால் முன்னால் என்று தள்ளியிருக்க வேண்டும். தள்ளவில்லை. ஓடுதளத்தில் விமானம் கொஞ்சம் சோம்பலாக எழும்பியது நிஜம். வெயில் என்று நினைத்தார். ஆனால் எழும்பியது முதல் தராசு முள் மாதிரி சமமாகப் பறக்கிறது.

"சார்," என்றார் மெதுவாக. "இவனை நீங்க தனியாவா ஏத்தினீங்க?"

"பின்னே? ஊரைக் கூட்டியா ஏத்துவாங்க?"

"மூக்குல ஏதாவது வச்சீங்களா?"

"மூக்குலயா?" சஃபாரி தன் மூக்கைத் தடவிக்கொண்டார். "என்னய்யா உளர்றே?"

விமானத்தின் மூக்கில் இன்னொரு சாமான் அறை உண்டு என்பதே அந்த ஆளுக்குத் தெரியவில்லை!

கேப்டன் மறுபடி ஒரு முறை பின்னால் பார்த்தார். இந்த முறை பூட்ஸைப் பார்க்கவில்லை. பட்டைகளைப் பார்த்தார். சாமான் கட்டும் பட்டைகள். மார்புக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, தொடைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தரை வளையத்தில் முறையாக மாட்டி, முறுக்கு இல்லாமல் இறுக்கப்பட்டிருந்தன. தலைக்கடியில் மடித்த தார்ப்பாய்.

தலைக்கு அணை!

கேப்டன் முன்னால் திரும்பினார். காலையிலிருந்து முதல் முறையாக அவருக்கு மூச்சு சீராக வந்தது.

தன் பெல்ட்டை ஒரு இழுப்பு இழுத்து இறுக்கினார்.

"இன்னும் எவ்ளோ நேரம்?" என்றார் சஃபாரி, ஆற்றைப் பார்க்க முன்னால் குனிந்து.

"இப்பவே இறங்கிடலாம், சார்."

கேப்டன் கட்டுப்பாட்டுக் கம்பை முழு பலத்தோடு முன்னால் தள்ளினார்!

வானம் மேலே ஓடியது. பூமி கண்ணாடி முழுக்க வந்தது. சஃபாரி இருக்கையைவிட்டு அப்படியே கிளம்பினார். எண்பத்தி நாலு கிலோவும் கூரையை நோக்கி!

மடார்!

டுமீல்!

கூரையில் ஒரு ஓட்டை. காற்று விசிலடித்தது.

"உன் மச்சான் செத்துருவான்டா!" கூரையில் ஒட்டிக்கொண்டே அலறினார் சஃபாரி.

"சாக மாட்டான்! உங்களைவிட நல்லா பெல்ட் போட்டிருக்கான்!"

வேகம் காட்டும் முள் பச்சையைத் தாண்டி மஞ்சளுக்குப் போனது. மஞ்சளைத் தாண்டிச் சிவப்பைத் தொட்டது. இறக்கைகள் படபடத்தன.

அப்போது பின்னாலிருந்து ஒரு அலறல்.

"மாமா! ஸ்பீடு! ஸ்பீடைப் பாருங்க! றெக்கை பிச்சுக்கும் மாமா! பவரைக் குறைங்க! மெதுவா தூக்குங்க... மெதுவா!"

மண்டை உடைந்து மயங்கிக் கிடந்தவனின் குரல்! தெளிவாக, கணீரென்று, தொழில்நுட்ப விவரங்களோடு!

"முழிச்சுட்டியா, மாப்ளே?" என்றார் கேப்டன். பவரைக் குறைத்தார். மூக்கை மெதுவாகத் தூக்கினார்.

கூரையில் இருந்த சஃபாரி மூட்டை மாதிரி கீழே விழுந்தார். இருக்கையின் விளிம்பில் தலை இடித்தது. அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. பிஸ்டல் சறுக்கிக்கொண்டு வந்து கேப்டனின் காலடியில் நின்றது.

கேப்டன் அதை எடுத்துத் தன் தொடைக்கடியில் செருகினார். சஃபாரியின் ஹெட்செட் ஒயராலேயே அவர் இரண்டு கையையும் கட்டினார். விமானம் ஒரு பெரிய வட்டமடித்து ஆற்றுக்கு முதுகைக் காட்டியது.

"மாப்ளே."

"..."

"மறுபடி மயக்கமா?"

"மாமா..." குரல் கம்மியிருந்தது. "எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல மாமா. யாரோ மண்டையில அடிச்சாங்க..."

"அப்படியா? மூக்கு அறையில என்ன வச்சே? மணல் மூட்டையா?"

"அஞ்சு மூட்டை, மாமா," என்றது குரல். "நான் பாட்டுக்கு வால்ல படுத்துட்டா பேலன்ஸ் போயிடுமே. உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா அக்கா தாங்குமா?"

"ரொம்ப அக்கறை."

"உங்களை ஒண்ணும் பண்ண மாட்டேன்னு சத்தியம் பண்ணார் மாமா! அந்தப் பக்கம் எனக்குச் சொந்தமா ஒரு ஒர்க்‌ஷாப் வச்சுத் தர்றேன்னாரு. லைசென்ஸ்கூட வேணாமாம். எத்தனை வருஷம் உங்க பின்னாடியே ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டுத் திரியறது?"

"அவர் நம்ம ரெண்டு பேரையும் அங்கேயே புதைச்சிருப்பார்டா."

பிறகு மெல்லிய விசும்பல்.

"மாமா... அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. போலீஸ்ல சொல்லுங்க, ஜெயிலுக்குப் போறேன். அக்காகிட்ட வேணாம்."

பிஸ்டல் போய்விட்டது. ஆனால் கேப்டனின் நெஞ்சுக்கூட்டில் அழுத்தம் அப்படியே இருந்தது. அவளிடம் எந்த வாயால் சொல்வது? உன் தம்பிதான் என்னை விற்றான் என்றா?

ரேடியோ பொத்தானை அழுத்தினார்.

"கன்ட்ரோல்... திரும்பி வர்றேன். ஆளைக் கட்டிப்போட்டிருக்கேன். போலீஸைக் கூப்பிடு."

"வந்து முக்கால் மணி நேரமாச்சு," என்றது மனைவியின் குரல். "இன்ஸ்பெக்டர் மூணாவது காபி குடிச்சுக்கிட்டிருக்கார். ஒழுங்கா இறங்கி வாங்க."

அவளுக்குப் புரிந்திருந்தது! தொண்ணூற்றொன்று என்று காதில் விழுந்த நொடியே!

விமானம் தரை தொட்டு ஹேங்கர் வாசலில் நின்றது. இரண்டு ஜீப்கள். ஆறு போலீஸ்காரர்கள். சஃபாரியைத் தூக்கி இறக்கினார்கள். ஆள் அரை நினைவில் "பெல்ட்... பெல்ட்..." என்று முனகிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் பின்பக்கக் கதவைத் திறந்தார். நட்டு கண்ணை மூடிக்கொண்டு முனகினான்.

"அக்கா... தலை... தலை வலிக்குதுக்கா..."

அக்கா வந்து நின்றாள். கையில் லோடு பேப்பர். கேப்டன் அவசரமாக இடையில் புகுந்தார்.

"இவனை அடிச்சுப் போட்டுட்டாங்கம்மா. பாவம், இவனுக்கு எதுவுமே..."

"நீங்க சும்மா இருங்க."

அவள் பேப்பரிலிருந்து இரண்டு சின்னச் சீட்டுகளை உருவினாள். தம்பியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நீ கிழிச்சு எறிஞ்சது மேல் காப்பிடா. மெஷின் ரோல்ல அடி காப்பி இருக்கும்னு மறந்துட்டே. இவர் தொண்ணூத்தி ஒண்ணுன்னதும் நான் ஹேங்கருக்கு ஓடினேன். மூலையில அஞ்சு மணல் மூட்டையைக் காணோம். மெஷினைத் திறந்தேன். எட்டு பத்துக்கு அறுபத்திரெண்டு கிலோ. எட்டு பதினாலுக்கு அம்பது கிலோ. அறுபத்திரெண்டு யாருன்னு எனக்குத் தெரியாதா? சோறு போடறவ நான்தானே?"

நட்டு கண்ணைத் திறந்தான்.

"மண்டையில அடி வாங்கினவன், மெஷின்ல ஏறி நின்னு, சீட்டு வர்ற வரைக்கும் காத்திருந்தியாடா?"

"எடை போடாம ஏறக் கூடாதுன்னு... நீதானேக்கா சொல்லுவே..."

அவள் குனிந்தாள். அவன் மார்பில் இருந்த பட்டையைத் தானே தளர்த்திவிட்டாள். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"கூட்டிட்டுப் போங்க, சார். பூட்ஸ் கயிறு இல்ல, கம்பி கட்டியிருக்கான். கால்ல குத்தும். பார்த்துக்குங்க."

ஜீப்கள் கிளம்பின. புழுதி அடங்கும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள். அவள் முந்தானையால் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்தாள். அவர் அவள் தோளில் கை வைத்தார். அவள் தட்டிவிடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து லோடு பேப்பரை அவர் முன்னால் நீட்டினாள்.

"கையெழுத்துப் போடுங்க. ஒரு உண்மையைச் சொல்ல உங்களுக்கு உயிர் போற நிலைமை வரணும், இல்ல?"

"அது விலாவுல துப்பாக்கி வச்சுக் கேட்டது. செல்லாது."

"அப்போ இப்ப சொல்லுங்க. பைலட் எடை?"

கேப்டன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எழுபத்தெட்டு!"